சின்னம்மா வீட்டின் மணிக்கணக்கு நோட்டு

சின்னம்மாவின் வீட்டுக்குக் கடக்கால் தோண்டத் தொடங்கிய நாளில், ஊத்தங்கரையில் பேருந்து மாறும்போது ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுவது என் வேலை. மாம்பழப் பருவத்தில் இரவு பகல் பாராமல் லாரிகள் வந்து நிற்கும்; ஆடி கழிந்த பிறகு வேலை தணிந்துவிடும். அப்படித் தணிந்திருந்த 2024-ஆம் ஆண்டு ஆவணியில்தான் சின்னம்மாவுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்டுவதற்கான வேலை உத்தரவு கிடைத்திருந்தது. எம்-சாண்ட் எத்தனை யூனிட், ஜல்லி எத்தனை லோடு, மேஸ்திரிக்கு எவ்வளவு முன்பணம் என்று எழுதி வைப்பதற்காகவே அந்த நோட்டை வாங்கினேன். சில நாட்களில் அதைப் பின்பக்கத்திலிருந்து திருப்பி, யார் யார் கூலி வாங்காமல் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்றும் எழுதத் தொடங்கினேன். இப்போது வீடு கட்டி முடிந்து பால் காய்ச்சியாகிவிட்டது. முன்பக்கக் கணக்கை யாரும் கேட்டால் காட்டுவேன். ஆனால் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது பின்பக்கத்தைப் பற்றித்தான்.

சின்னம்மாவின் ஊர் ஊத்தங்கரைக்கும் அரூருக்கும் இடைப்பட்ட பகுதியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மானாவாரி நிலம், கேழ்வரகு, மரவள்ளி, அவரை, வரப்போரங்களில் புளியமரம். சித்தப்பா இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் காலத்தில் எழுப்பிய மண்சுவரின் மேல் மஞ்சம்புல் வேய்ந்த குடிசையில்தான் சின்னம்மாவும், கணவனைப் பிரிந்து ஒரு பெண் குழந்தையோடு திரும்பி வந்துவிட்ட அவர் மகளான என் தங்கையும் இருந்தார்கள். புல் மாற்ற வேண்டிய ஆண்டுகளில் மாற்ற வசதியில்லாமல், மேலே தார்ப்பாய் போர்த்தி, காற்றில் பறக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டயர்களை வைத்து அழுத்தியிருப்பார்கள். சின்னம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. தரையில் உட்கார்ந்தால் எழுவதற்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு என்பதை இலக்காக வைத்து, ஆறு ஆண்டுகளில் எட்டு லட்சம் வீடுகள், முதல் ஆண்டில் ஒரு லட்சம் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை இருக்க வேண்டும். குடிசையில் வசிப்பவராக, சொந்த இடமும் அதற்குப் பட்டாவும் உள்ளவராக, கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருப்பவராக இருந்தால்தான் உத்தரவு கிடைக்கும். இவற்றையெல்லாம் மெய்ப்பிப்பது எளிதன்று. பட்டா சித்தப்பாவின் பெயரிலிருந்து சின்னம்மாவின் பெயருக்கு மாறுவதற்குள் தங்கை எத்தனை முறை அலைந்தாள் என்பதை நான் எழுதி வைக்கவில்லை, அப்போது நோட்டு இல்லை. ஆனால் எங்கும் எழுதப்படாத ஒரு தகுதியும் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் வந்து கட்டிக் கொடுத்துச் சாவியை நீட்டும் வீடு அன்று இது. பயனாளியே நின்று கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு அளந்து, படம் எடுத்து, அதற்குரிய தவணை வரும். ஆகவே கையில் கொஞ்சம் பணம், உடம்பில் கொஞ்சம் வலு, அழைத்தால் வரும் சொந்தபந்தம் ஆகிய மூன்றும் இருப்பவர்களுக்குத்தான் உத்தரவு வீடாகிறது.

பயனாளியின் உழைப்பை அரசு முற்றிலும் மறந்துவிட்டது என்று சொன்னால் அது நியாயமாகாது. நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து, சொந்த வீட்டைக் கட்டும் வேலைக்காகவே 90 நாள் கூலி வேலை அட்டையின் பேரில் தரப்பட்டது. மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்திலும் சமவெளிப் பகுதிகளுக்கு இதே 90 நாள்தான். அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்குரிய கூலி நாளுக்கு 319 ரூபாய். 90 நாளுக்கு 28,710 ரூபாய். கழிப்பறைக்கு 12,000 ரூபாய் தனி. 3.5 லட்சத்தில் இந்த இரண்டையும் கழித்தால் வீட்டுக்கென்று நிற்பது சுமார் 3.10 லட்சம். தன் வீட்டுக்குத் தானே மண் சுமப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொள்வது சிறிய செய்தியன்று. அந்த 90 நாளையும் தங்கை வேலை செய்தாள். கூலி அவள் கணக்கில் ஏறியது. அது அரிசிக்கும் பருப்புக்கும் குழந்தையின் பள்ளிக்கூடச் செலவுக்கும் போனது. நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போயிருந்தால் கிடைத்திருக்கும் வருமானம் அந்த மாதங்களில் நின்றுவிட்டதால், அப்படிப் போனதில் தவறில்லை. என் நோட்டின் பின்பக்கத்தில் அந்த 90 நாள் வராது. அதற்குமேல் நடந்தவை மட்டுமே வரும்.

முதல் வரி, கடக்காலுக்காக எழுதியது. எங்கள் பக்கத்து நிலத்தில் இரண்டடி மண்ணுக்குக் கீழே பாறை தட்டும். வடகிழக்கு மூலையில் ஒன்றரை அடியிலேயே கடப்பாரை ‘ணங்’ என்று நின்றுவிட்டது. மேஸ்திரி அந்த இடத்தில் குந்தி, விரலால் மண்ணைத் துடைத்துப் பார்த்து, “இது தனிக்கல்லு, தாய்ப்பாறை இல்ல, ஓரம் கண்டுபிடிச்சா பெயர்ந்துரும்” என்றார். ஓரம் கண்டுபிடிக்க ஒரு பகல் ஆனது. கல் உடைத்துப் பழகிய மாமா, கல்லின் மேல் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போய், ஓசை மாறும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டில் ஆப்பு இறங்கியபோது கல் இரண்டாகப் பிளந்தது. பிளந்த முகம் அவ்வளவு வெளுப்பாக, சற்றுமுன் துவைத்து விரித்த வேட்டிபோல இருந்தது. வெடி வைத்திருந்தால் அதற்கெனத் தனிச் செலவு. அக்கம்பக்கத்தில் குடிசைகள் வேறு. அன்று மாமா ஒன்பது மணி நேரம் வேலை செய்தார். பிளந்த கல்லே கடக்காலுக்குச் சைஸ் கல்லாகவும் ஆனது. மாலையில், “மாமா, உங்கள் பேருக்கு ஒன்பது மணி எழுதியிருக்கிறேன்” என்று நான் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது.

“சொந்தக்காரன் செய்யறத எழுதி வெச்சா அது கூலி ஆயிடும்மா” என்றார்.

அவருக்கு அன்று நான் சொன்ன பதிலை இன்றும் நம்புகிறேன். கல்யாணத்தில் மொய் எழுதுகிறோம். நூறு ரூபாய் வைத்தவரின் பெயரும் ஊரும் தகப்பன் பெயரும் நோட்டில் ஏறுகின்றன. இருபது ஆண்டு கழித்து அவர் வீட்டு விசேஷத்துக்கு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் போகிறோம். அதனால் அந்த நூறு ரூபாய் வட்டிக் கடனாகிவிடவில்லை. உறவுக்கு ஒரு நினைவுக் குறிப்பாகத்தான் இருக்கிறது. ஒரு பகல் முழுவதும் கல் பிளந்து கொடுத்தவரின் பெயர் மட்டும் ஏன் எந்த நோட்டிலும் இருக்கக் கூடாது? மாமா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அப்படின்னா என் பையன் வந்ததையும் எழுது, அவன் மதியத்துக்கு மேல வந்தான், நாலு மணி நேரம்” என்றார்.

பணமில்லாத உழைப்பு எங்கள் ஊர்களுக்குப் புதிதன்று. களை எடுக்கவும் கடலை பிடுங்கவும் மாற்றாள் போவது இன்றும் உண்டு. இன்று உன் காட்டில் நான், நாளை என் காட்டில் நீ. விவசாயத்தில் அது ஒழுங்காக நடப்பதற்குக் காரணம், கொடுத்தது திரும்பி வரும் காலம் குறுகியது. ஒரே பருவத்துக்குள் கணக்கு தீர்ந்துவிடும், அதனால் யாரும் மறப்பதில்லை. வீடு அப்படியன்று. ஒருவர் ஆயுளில் ஒரு முறை கட்டுகிறார். உதவியவருக்குத் திருப்பிச் செய்யும் வாய்ப்பு பத்து ஆண்டு கழித்து வரலாம், வராமலும் போகலாம். இந்த நீண்ட இடைவெளிதான் நோட்டு வேண்டும் என்பதற்கான காரணம்.

பேஸ்மட்டம் முடிந்து, மண் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து நிரப்பி, ஐப்பசிக்குள் முதல் தவணைக்கான படமும் எடுத்தாயிற்று. கார்த்திகையில் செங்கல் சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் ஃபெஞ்சல் புயல். புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த புயல் எங்களை வந்து சேரும் என்று இந்தப் பக்கத்தில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வறட்சிக்குத்தான் எங்கள் மாவட்டங்கள் பெயர் பெற்றவை. டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டருக்கு மேலும், அரூரில் 33 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு போனதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சின்னம்மாவும் தங்கையும் குழந்தையும் இரண்டு இரவுகள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். பழைய குடிசையின் தெற்குச் சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது. புது வீட்டின் சுவர்கள் நின்றன. ஆனால் பின்பக்கத்துப் பேஸ்மட்டத்தின் ஒரு மூலை பெயர்ந்து, உள்ளே நிரப்பியிருந்த மண் பாதிக்குமேல் அந்த வழியாக ஓடிவிட்டது. தார்ப்பாய்க்குள் அடுக்கி வைத்திருந்த சிமெண்டில் ஏழு மூட்டை கல்லாகிவிட்டது.

சாலை திறந்த பிறகு நான் போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஏற்கெனவே ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டு அண்ணி தன் வீட்டுக்குள் புகுந்த சேற்றை அப்படியே விட்டுவிட்டுச் சின்னம்மாவின் வீட்டுத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது இட்லிக் குண்டான். வாளிகள் எல்லாம் அடித்துப் போய்விட்டன. சேற்று மண் மணல்போல வாருவதற்கு வராது. மம்மட்டியில் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் காலால் தள்ளித்தான் பாண்டுக்குள் போட வேண்டும். நான்கு நாட்களில் பதினொரு பேர் சேர்ந்து 212 மணி நேரம். தவணைக் கணக்கில் இந்த 212 மணிக்கு இடமில்லை. ஒருமுறை அளந்து படம் எடுத்த கட்டத்தை மறுபடி அளக்க வழியில்லை. இந்த நாலு நாளை நோட்டில் எழுதியபோதுதான், பின்பக்கத்துக் கணக்கு வெறும் நன்றிக் குறிப்பாக இருந்த நிலை மாறி, இந்த வீடு எதன்மேல் நிற்கிறது என்பதற்கான சான்றாக எனக்குத் தெரிந்தது.

அந்த மார்கழியில், டிசம்பர் 29 அன்று, அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தம் நூறாவது வயதில் இறந்தார். நாளிதழில் அவரைப் பற்றிய கட்டுரையோடு, தலையில் தொப்பியும் கையில் சுத்தியலுமாக அவர் ஒரு வீட்டுச் சட்டத்தில் ஆணி அடிக்கும் படம் வந்திருந்தது. பதவியை விட்டு இறங்கிய பிறகு, 1984-லிருந்து தொண்ணூறு வயதைத் தாண்டியும், ஏழைகளின் வீடுகளில் வேலை செய்யப் போய்க்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தார்கள். 2006-இல் மகாராஷ்டிரத்தில் லோனாவாலா பக்கத்தில் நூறு வீடுகள் கட்டும் வேலைக்காக இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். அவர் உழைத்த அமைப்பின் பெயர் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி. அன்றிரவு முழுவதும் அதைப் பற்றியே தேடிப் படித்தேன்.

அது தொடங்கிய கதை எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில், அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், கிளாரன்ஸ் ஜோர்டனும் நண்பர்களும் 1942-இல் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உழைத்து ஒன்றாக உண்ணும் பண்ணை ஒன்றை அமைத்தார்கள். அதற்காக அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 1968-இல் மில்லார்ட் ஃபுல்லர் என்பவர் அங்கே வந்து சேர்ந்தபோது, பண்ணையைச் சுற்றி இடிந்த குடிசைகளில் இருந்தவர்களுக்கு லாபமும் வட்டியும் இல்லாமல் வீடு கட்டித் தரும் திட்டத்தை இருவரும் வகுத்தார்கள். வீட்டுக்காரர்கள் மாதந்தோறும் திருப்பிக் கட்டும் பணம் அடுத்த வீட்டுக்கு முதலாகும். ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் 1976-இல் அதை ஓர் அமைப்பாக்கினார்கள். 1983-லிருந்து இந்தியாவிலும் அது வேலை செய்கிறது.

அங்கே ஒரு குடும்பம் வீட்டுக்குத் தகுதி பெற மூன்று பார்க்கிறார்கள். இப்போதிருக்கும் வீடு வசிக்கத் தக்கதாக இல்லை என்ற தேவை. குறைந்த தவணையைக் கட்ட முடிந்த வருமானம். கூட நின்று உழைக்கும் மனம். மூன்றாவதைத்தான் அவர்கள் ‘ஸ்வெட் ஈக்விட்டி’ என்கிறார்கள். வியர்வைப் பங்கு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். எத்தனை மணி நேரம் என்பதை அந்தந்த ஊர்க் கிளை முடிவு செய்கிறது. பெரும்பாலும் 200-லிருந்து 500 மணி நேரத்துக்குள் இருக்கும். தம் வீட்டில் மட்டுமன்றிப் பிறர் வீட்டிலும் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு மணியும் பதிவாகிறது. அந்த மணிகள் வீட்டின் விலையில் கழிக்கப்படுவதில்லை என்பதைப் படித்தபோது முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தால், கூலியில்லாத கைகளால் கட்டப்படுவதால்தான் வீட்டின் விலையே குறைந்து நிற்கிறது. அந்தக் குறைவை எல்லோருமாகச் சேர்ந்து உண்டாக்குகிறார்கள், எல்லோரும் அனுபவிக்கிறார்கள்.

என்னை உலுக்கிய செய்தி வேறு. உடம்பு முடியாதவர்கள் கல் சுமக்க வேண்டியதில்லை. அமைப்பின் கடையில் உட்காரலாம், அலுவலகத்தில் தாள்களை அடுக்கலாம், வேலை செய்கிறவர்களுக்கு மதிய உணவு கொண்டுவரலாம். அவையும் மணிக்கணக்கில் சேரும். பல கிளைகளில் உறவினரும் நண்பர்களும் உழைத்த நேரத்தில் ஒரு பகுதியையும் அந்தக் குடும்பத்தின் பேரில் வரவு வைக்கிறார்கள்.

அந்த வரியைப் படித்துவிட்டு நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைப் புரட்டினேன். மாமா இருந்தார், மாமாவின் மகன் இருந்தான், எதிர்வீட்டு அண்ணி இருந்தார், என் வீட்டுக்காரர் இருந்தார், விடுமுறையில் வந்து செங்கல் நகர்த்திய பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இருந்தார்கள். சின்னம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. தினமும் விடியற்காலையில் எழுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குவளை குவளையாகச் சுவருக்குத் தண்ணீர் காட்டியவர் அவர். மாலையிலும் அதே வேலை. சிமெண்டுச் சுவர் தண்ணீர் குடித்துத்தான் இறுகும். ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் விட்டால் கலவை பொடியாய் உதிரும் என்று மேஸ்திரி தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். கூலிக்கு வந்தவர்களுக்கும் கூலியில்லாமல் வந்தவர்களுக்கும் பதினொரு மணிக்கு மோர், ஒரு மணிக்குக் களியும் கீரைக் கடைசலும், நாலு மணிக்குக் காப்பி. கம்பியும் சிமெண்டும் வந்து இறங்கிய இரவுகளில் அவற்றின் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். கணக்கு எழுதிப் பிழைக்கிற நான், நான்கு மாதம் நேரில் பார்த்துக்கொண்டிருந்தும், இதில் ஒரு மணி நேரத்தைக்கூட வேலை என்று எழுதவில்லை. அதை எண்ணி எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், சின்னம்மாவையும் தங்கையையும் உட்கார வைத்து, ஆவணியிலிருந்து நாள் நாளாகக் கேட்டு எழுதினேன். இரவுக் காவலைச் சேர்க்காமல், சமையலும் தண்ணீரும் மட்டும் அன்றுவரை 388 மணி நேரம். சின்னம்மாவுக்குப் படிக்கத் தெரியும், மெல்லத்தான் படிப்பார். தன் பெயரையும் அதற்கு நேரே இருந்த எண்ணையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, “தண்ணி ஊத்துனதுக்குமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சேலைத் தலைப்பால் நோட்டின் அட்டையைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொரு முறையைப் பற்றியும் படித்தேன். எங்கள் மாற்றாள் வழக்கத்துக்கு மிக நெருங்கியது. அமெரிக்க வேளாண் துறை ஊரகக் குடும்பங்களுக்காக நடத்தும் பரஸ்பர சுய உதவி வீட்டுத் திட்டம் அது. 1960-களில் கலிபோர்னியாவின் விளைநிலக் கூலிக் குடும்பங்களோடு இந்த முறை வேரூன்றியது. சில குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்கின்றன. மேற்பார்வைக்குத் தொழில் தெரிந்த ஒருவர் இருப்பார். கட்டுமான உழைப்பில் ஏறத்தாழ 65 விழுக்காட்டைக் குடும்பங்களே செய்ய வேண்டும். குழுவின் கடைசி வீடு முடியும்வரை யாரும் குடியேறக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. தன் வீடு முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு போக முடியாது. ஆளில்லாத வீடு பின்தங்கிப் போகாது.

எங்கள் ஊரில் அதே ஆண்டில் நான்கு வீடுகளுக்கு உத்தரவு வந்தது. நான்கும் தனித்தனியாக மேஸ்திரி தேடின. கூரைக் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைத் தனித்தனியாக வாடகைக்கு எடுத்தன. நான்கு பேரும் ஒரே மாதத்தில் சித்தாள் கிடைக்காமல் திண்டாடினார்கள். அவற்றில் ஒரு வீட்டின் சுவர் இன்னும் இடுப்பளவில் நிற்கிறது. அங்கே இருப்பவர் ஒரு முதியவரும் அவருடைய கண் தெரியாத தங்கையும். அவர்களுக்கு வர மாமா இல்லை, எதிர்வீட்டில் அண்ணி இல்லை. நான்கு குடும்பங்களையும் ஒரு குழுவாக உட்கார வைத்து, பலகையையும் மேஸ்திரியையும் ஆட்களையும் பொதுவாக வைத்திருந்தால் அந்தச் சுவர் பாதியில் நின்றிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உழைத்தால்தான் வீடு என்று விதியாக எழுதிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வங்கிக் கடனில் வீடு கட்டும் சம்பளக்காரர்களுக்கு வருமான வரியில் சலுகை உண்டு, எனக்கும் கிடைத்தது. அதற்காக ஒரு பாண்டு மண் தூக்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. ஏழையிடம் மட்டும் உழைப்பைத் தேர்வாக வைப்பது அநீதி. வேலைக்கு ஆள் இல்லாத வீடுகளுக்கு அந்தத் தேர்வு வாசலிலேயே எழும் மதிலாகிவிடும். நான் கேட்பது, ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் உழைப்பைப் பங்கு என்று பதிவு செய்ய வேண்டும் என்பதும், ஆளில்லாதவர் பேரில் பிறர் உழைப்பை வரவு வைக்க வழி வேண்டும் என்பதும்தான்.

அதற்கான ஏற்பாட்டைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட்டின் நிதியுதவியோடு நடந்த மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில், அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. கிருஷ்ணகிரி 2004-இல்தான் பிரிந்தது. அன்று எல்லாம் ஒரே மாவட்டம். வாரத்துக்குச் சில ரூபாய் சேமிப்பை வரிக்கு வரி எழுதி, கூட்டத்தில் உரக்கப் படித்து, கையெழுத்தோ ரேகையோ வாங்கும் பழக்கம் எங்கள் பெண்களுக்கு முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கம். சேமிப்பு, கடன், திருப்பியது என்று மூன்று கட்டம் இருக்கும் அந்த நோட்டில் நான்காவதாக மணி நேரம் என்று ஒரு கட்டம் போட எவ்வளவு நேரம் ஆகும்? சின்னம்மாவின் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். குழுத் தலைவி கேட்ட முதல் கேள்வி, “கொத்தனார் வேலை தெரிஞ்சவங்க ஒரு மணியும் மண் சுமக்கிறவங்க ஒரு மணியும் ஒண்ணா?” என்பது. நெடுநேரம் வாதம் நடந்தது. மொய்யில் நூறும் ஐந்நூறும் வேறு வேறு என்றால் இதிலும் வேறுதான் என்றார் ஒருவர். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதானே என்றார் இன்னொருவர். இரண்டாவது பேச்சே கடைசியில் நின்றது: யார் செய்தாலும் ஒரு மணி ஒரு மணிதான்.

நோட்டின் கூட்டலைத் தருகிறேன். அரசிடமிருந்து கம்பி, சிமெண்டு மதிப்பையும் கழிப்பறைத் தொகையையும் சேர்த்து சுமார் 3,22,000 ரூபாய். குழுக் கடன் 80,000. தங்கையின் நகையை அடகு வைத்து 60,000. ஆக 4,62,000 ரூபாய். கூலியில்லாமல் வந்த உழைப்பு, சின்னம்மாவின் நேரத்தைச் சேர்க்காமல், 1,136 மணி நேரம். எட்டு மணிக்கு ஓர் ஆள் என்றால் 142 ஆள். எங்கள் பக்கத்தில் நாங்கள் சித்தாளுக்குக் கொடுத்த 500 ரூபாய்க் கூலியில் கணக்கிட்டாலே 71,000 ரூபாய். அந்த 71,000 இல்லாமலிருந்தால் தை மாதத்தில் கூரைக் கான்கிரீட் போட்டிருக்க முடியாது. இடுப்பளவுச் சுவர்கள் ஊருக்கு இரண்டாகியிருக்கும்.

வைகாசியில் குடி போனோம். 2025-26-க்கு மறுபடி ஒரு லட்சம் வீடுகள் அறிவித்ததில் எதிர்வீட்டு அண்ணிக்கும் உத்தரவு வந்திருக்கிறது. அவர் குடும்பத்துக்கு நாங்கள் தர வேண்டியது 64 மணி நேரம். வெள்ளத்தன்று அவர் இட்லிக் குண்டானால் மொண்டு ஊற்றிய ஆறு மணி நேரமும் அதில் அடக்கம். இடுப்பளவில் நிற்கும் அந்த முதியவரின் சுவரை முதலில் மேலே கொண்டுபோய்விட்டு, பிறகு தன் கடக்காலைத் தோண்டலாம் என்று அண்ணியே குழுவில் சொன்னார். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே வேலை தொடங்குகிறது. தங்கை புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பெயர்களை எழுதிவிட்டாள். சுவருக்குத் தண்ணீர் காட்டுவதற்கு நேரே சின்னம்மாவின் பெயர் இருக்கிறது. கயிறு திரிக்கத் தெரிந்த, கண் தெரியாத அந்தப் பெண்மணியின் பெயர், சாரம் கட்டுவதற்கான கயிற்றுக்கு நேரே.